பெருச்சாளி அண்ணனின் சொந்தப் பெயர்

1

கலிஃபோர்னியாவில் நாலாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்குத் தங்கம் எடுக்கப் போவது ஒரு சடங்கு மாதிரி. மலையடிவாரத்தில் பழைய சுரங்க ஊர்கள் சில இருக்கின்றன. தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்து கூடாரம் போட்ட காலத்தை அங்கே கலையாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பேருந்தில் பிள்ளைகளைக் கொண்டுபோய் ஓடைக்கரையில் இறக்கி, ஆளுக்கு ஒரு தட்டைக் கொடுத்து மணலை அலசச் சொல்வார்கள். தட்டின் அடியில் ஒட்டும் துகளைச் சின்னக் குப்பியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம். அந்தத் துகளைக் காலையிலேயே ஆள் வைத்துத் தூவியிருப்பார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

என் மகள் நிலாவுக்கு இது நாலாம் வகுப்பு. கூடப்போக அப்பா அம்மாக்கள் வேண்டும் என்று பள்ளியில் கேட்டபோது நான் முதல் ஆளாகக் கை தூக்கினேன். கை தூக்கினால் மட்டும் போதாது. காசநோய் இல்லை என்று டாக்டரிடம் சான்று வாங்க வேண்டும். போலீசுக்குப் போவதற்கென்று பத்து விரல்களின் ரேகையும் கொடுக்க வேண்டும். ரேகை எடுத்த பெண், உங்கள் விரலில் கோடுகள் தேய்ந்துபோயிருக்கின்றன, பாத்திரம் அதிகம் கழுவுவீர்களா என்று கேட்டாள். உங்கள் ஊர் டிஷ்வாஷருக்கு எங்கள் மீன்குழம்புச் சட்டியைக் கண்டால் பயம் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மறுபடி எல்லா விரல்களையும் வைக்கச் சொன்னாள்.

என் கணவர் சுரேஷ் கும்பகோணத்துக்காரர். அவருக்கு இதெல்லாம் வேடிக்கை.

"தங்கத்தப் பாக்கறதுக்கா கலை இவ்ளோ அலையற? உங்க ஊர்ல இல்லாததா?"

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். கர்நாடகாவுக்குள் இருந்தாலும், பூமிக்கடியில் இறங்கித் தங்கம் வெட்டிய ஆட்கள் பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் போன தமிழர்கள். என் அப்பாவும் அதில் ஒருவர். சுரங்கம் மூடி வருடங்கள் ஆகிவிட்டன. நான் மில்பிடாஸில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். தங்கவயலில் பிறந்தவள் என்று சொன்னால், வீட்டில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று இன்னும் கேட்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது அப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில்கூடப் பார்த்துத்தான் அனுப்புவார்கள் என்பதை யாருக்கும் நான் விளக்குவதில்லை.

2

அந்த ஊரில் மொத்தம் ஒரே தெரு. மரப்பலகை நடைபாதை, இரும்புக் கதவு போட்ட செங்கல் கட்டடங்கள், குதிரை கட்டும் கம்பம். எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. வயது எழுபது இருக்கும். அந்தக் காலத்துப் பாவாடையும் தலைத்தொப்பியும் போட்டுக்கொண்டிருந்தார். காலில் மட்டும் ஓட்டப்பந்தய ஷூ.

ஹெலன் தேதியும் வருடமும் சொல்லிப் பிள்ளைகளைக் கொல்லவில்லை. ஆட்களைச் சொன்னார். முடிவெட்டும் கடையிலேயே பல்லும் பிடுங்கிய ஒருவன். வாரக்கணக்கில் பழையதான செய்தித்தாளைப் பெட்டிமேல் ஏறி நின்று சத்தமாகப் படித்து, கேட்க வந்தவர்களிடம் தங்கத்துகள் வசூலித்த இன்னொருவன். புருஷன் காய்ச்சலில் போன மறுவாரமே அடுப்பை மூட்டி, முப்பது ஆண்களுக்குச் சோறு போட்டு, ஓடையில் நின்ற எல்லோரையும்விட அதிகம் சம்பாதித்த ஒரு பெண். குளிக்காதவனுக்கு அவள் சாப்பாடு போட மாட்டாளாம். அதனால் சனிக்கிழமை மாலையில் ஊரே ஓடையில் கிடக்குமாம்.

அப்புறம் ஹெலன் பட்டப்பெயருக்கு வந்தார். அந்த ஊரில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. கடன்காரனிடமிருந்து தப்பி வந்தவன், பெண்டாட்டியிடமிருந்து தப்பி வந்தவன் எல்லோரும் கலந்திருந்த இடம். உன் பெயர் என்ன என்று கேட்பதே மரியாதைக் குறைவு. மூன்று வேளையும் அப்பமே சுட்டுத் தின்றவனுக்கு அப்பம் என்று பெயர். எப்போதும் மழை வரும் என்று சொன்னவன் மேகம். ஹெலன் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்து, சட்டையில் ஒட்ட ஒரு சீட்டும் கொடுத்தார். ஓடையில் விழுந்து எழுந்து வந்த நிலாவுக்குச் 'சேறு' என்று கிடைத்தது. பள்ளிக்கூட விருது வாங்கியபோதுகூட அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

கடைசியாகச் சரிவில் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வசதியானவர்களுக்குப் பளிங்குக்கல் இருந்தது. ஓரத்தில் ஒரு மரப்பலகை. எழுத்து மங்கும்போதெல்லாம் புதிதாக எழுதி வைக்கிறார்களாம். அதில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதற்குக் கீழே, சொந்தப் பெயரும் ஊரும் தெரியாது என்று எழுதியிருந்தது.

"இவனுக்கு நண்பர்கள் நிறைய இருந்திருக்கிறார்கள். சவப்பெட்டியைத் தூக்க அடித்துக்கொண்டார்களாம்," என்றார் ஹெலன். "ஆனால் அவன் வீட்டுக்கு ஒரு வரி எழுதிப் போட யாராலும் முடியவில்லை. எந்த ஊர், என்ன பெயர் என்று ஒருவருக்கும் தெரியாது."

பிள்ளைகள் அதற்குள் ஒரு ஓணானைப் பார்த்து ஓடிவிட்டார்கள். நான் மட்டும் கொஞ்சநேரம் அங்கே நின்றேன். எங்கள் ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

3

தங்கவயலில் வீடுகள் வரிசை வரிசையாக இருக்கும். வரிசைக்கு லைன் என்று பெயர். ஒரு லைனில் முனுசாமி என்று ஐந்தாறு பேராவது இருப்பார்கள். அந்தோணி இன்னும் அதிகம். கம்பெனிக்காரன் அதற்காகத்தான் எண் போட்ட வில்லையைக் கையில் கொடுத்தான். லைனுக்குள் எண் சொல்லிக் கூப்பிட முடியாதே, அதனால் பட்டப்பெயர் வைத்தோம். ஒருமுறை வைத்துவிட்டால் அப்புறம் அதுதான் ஆள். பெரியவர்களைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் எங்கள் ஊரில் திமிர். பட்டப்பெயரோடு அண்ணனோ மாமாவோ சேர்த்துச் சொன்னால் மரியாதை.

வெள்ளைக்கார மேனேஜர் பங்களாவில் சமையல் செய்த கிருஷ்ணன் மாமா, லண்டன் கிருஷ்ணன். பக்கத்திலிருக்கும் பங்காருப்பேட்டையைத் தாண்டிப் போனவரில்லை. ஆனால் லண்டனில் எந்த மாதம் எந்தக் காய் கிடைக்கும் என்று சொல்வார். ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியபிறகுதான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் லேட் லாசர். கல்யாணம் ஆகாத ஆட்களுக்கு மெஸ் நடத்திய ராஜம்மா, ரெண்டு ஷிஃப்ட் ராஜம்மா. காலை ஷிஃப்டுக்குப் போகிறவனுக்கும் இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்கும் ஒரே நேரத்தில் சோறு போடுவாள். ஒருவனுக்கு அது காலைச் சாப்பாடு, இன்னொருவனுக்கு ராத்திரிச் சாப்பாடு. குழம்பு ஒன்றுதான். ஹெலன் அந்த அடுப்புக்காரியைப் பற்றிச் சொன்னபோது எனக்கு ராஜம்மா முகம்தான் தெரிந்தது. தொப்பி மட்டும்தான் வித்தியாசம்.

என் அப்பா ஷாஃப்ட் வாயில் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு மணியடிக்கும் வேலை பார்த்தார். அதனால் அவர் பெல் முனுசாமி. அம்மா பெல்லு வூட்டம்மா. நான் பெல்லு பொண்ணு. ஒருமுறை அவருடைய சொந்தப் பெயருக்கு, தகப்பன் பெயரோடு, சர்க்கார் கடிதம் ஒன்று வந்தது. தபால்காரர் எங்கள் வாசல் வழியாகவே மூன்று தடவை போய் வந்து, இப்படி ஒருவர் இந்த லைனில் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா அப்போது வாசலில் உட்கார்ந்து அவருக்கு வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்தார். சொந்தப் பெயர் கல்யாணப் பத்திரிகையில் ஒருமுறை வரும், சாவுச் செய்தியில் ஒருமுறை வரும். நடுவில் யாருக்கும் அதனால் உபயோகமில்லை.

இதையெல்லாம் திரும்பிவரும் பேருந்தில் நிலாவிடம் சொன்னேன்.

"அம்மா, யூ ஹாட் எ நிக்நேம்? வொய் டிட்ன்ட் யூ டெல் மீ?"

நான் அவளுக்குத் தங்கவயலைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கும்போதெல்லாம் அவள் காதில் ஏதாவது மாட்டிக்கொள்வாள். அதனால் சொல்வதை நிறுத்தியிருந்தேன். இப்போது அவளே கேட்கிறாள். பெல்லு பொண்ணு என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

4

பேருந்து சமவெளிக்கு இறங்கி ஃபோனில் சிக்னல் வந்ததும், ஒரே எண்ணிலிருந்து வந்த அழைப்புகள் வரிசையாகத் தெரிந்தன. சான்டா கிளாராவில் நாங்கள் மளிகை வாங்கும் கடை ஆன்ட்டி.

"கலை, உங்க அண்ணன் மதியம் இங்க வந்தாரும்மா. அரிசி மூட்டைகிட்ட நின்னுட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு. தலைல அடி. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. பேரு கேட்டாங்க, எனக்குத் தெரியல. பர்ஸ் அவர் பாக்கெட்லதான் இருந்துச்சு."

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. ஆன்ட்டி சொன்னது பெருச்சாளி அண்ணனை.

அவரை இந்த ஊரில் கண்டுபிடித்ததும் அந்தக் கடையில்தான். நான் வந்து சேர்ந்த புதிது. பருப்புச் சாமான் வரிசைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல், "இன்னாங்க இது, தொவரம் பருப்புக்குப் பக்கத்துல சோப்பு வெச்சிகீறீங்க, வாசன பூடாதா?" என்று கேட்டது. இவ்வளவு தூரம் வந்து அந்தத் தமிழைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை. சுற்றிப் போய் நின்று, நீங்கள் தங்கவயலா என்றேன். எந்த லைன், யார் வீடு என்று விசாரித்தார். பெல் முனுசாமி மகள் என்றதும், "பெல்லு பொண்ணா நீ? ஒங்கப்பாரு மணி அட்ச்சாதான் எங்கப்பன் மேல வருவாரு," என்று சொல்லி, என் தள்ளுவண்டியைத் தானே வாங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டார்.

மூன்று லைன் தள்ளி இருந்தவர். சின்ன வயதில் பந்து விழுந்தால் எடுப்பதற்காக, தங்கம் இருக்கிறதா என்று பார்க்கத் தோண்டி விட்டுவிட்ட பழைய சோதனைக் குழிகளுக்குள் இறங்குவார். ஒருநாள் உடம்பெல்லாம் சாம்பல் நிறச் சேற்றோடு குழியிலிருந்து தலையை நீட்டியதைக் குழாயடியில் நின்ற பெண்கள் பார்த்து, பெருச்சாளி என்று அலறிக் குடத்தைப் போட்டு ஓடியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெருச்சாளி பூனை அளவு இருக்கும். அன்றிலிருந்து அவருக்கு அதுதான் பெயர். டிப்ளமா முடித்து, துபாய் போய், இங்கே வந்து, மில்பிடாஸில் சிப் செய்யும் இயந்திரங்களைப் பழுது பார்த்தார். கம்பெனியில் அவரை ராஜ் என்பார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் பாதிப் பேர் ராஜ்தான்.

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். நிலா பிறந்தபோது என் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அண்ணன்தான் தினமும் வேலைக்குப் போகிற வழியில் பூண்டுக் குழம்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். அவர் மனைவி நான் சந்திக்கும் முன்பே இறந்துவிட்டார். ஒரே மகள் நான்சியைத் தனியாக வளர்த்தார். அவள் படித்து, டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் வேலை பார்க்கிறாள். கல்யாணம் கோர்ட்டில் நடந்தது. பத்திரிகை அடிக்கவில்லை. முடிந்தபிறகு ஃபோனில் சொன்னாள். "அவ சந்தோஷமா கீறா, அது போதும்," என்று அண்ணன் சொன்னார். அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அப்புறம் அவளைப் பற்றி நாங்கள் கேட்டால்தான் பேசுவார்.

பேருந்திலிருந்தே அண்ணன் எண்ணுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஆன்ட்டியிடம் கேட்டு ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன்.

பேஷன்ட் பெயர் என்ன என்றார்கள். ராஜ் என்றேன். அது முதல் பெயரா, குடும்பப் பெயரா என்றார்கள். தெரியாது என்றேன். பிறந்த தேதி கேட்டார்கள். அதுவும் தெரியாது. மதியம் கடையில் விழுந்தவர், இந்தியர், வழுக்கை, இடது கையில் பச்சை குத்தியிருக்கும் என்று சொன்னேன். மன்னிக்கவும், பெயர் இல்லாமல் நாங்கள் எதையும் சொல்ல முடியாது என்று அந்தக் குரல் பணிவாகச் சொன்னது. இந்த ஊரில் 'இல்லை' என்பதை எப்போதும் பணிவாகத்தான் சொல்வார்கள்.

காலையில் பார்த்த மரப்பலகை அப்போதுதான் நிஜமாகப் பயமுறுத்தியது. அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அவருக்கு ஏதாவது ஆனால் நான்சிக்கு யார் சொல்வார்கள்? அவளுடைய பழைய எண்ணுக்கு அடித்தேன். வேறு யாரோ எடுத்து ஸ்பானிஷில் பேசினார்கள்.

5

வீட்டுக்கு வந்ததும் சுரேஷிடம் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"இத்தன வருஷமா அண்ணன் அண்ணன்னு சொல்ற. நம்ம வீட்ல எவ்ளோ நாள் சாப்பிட்டிருக்கார். பேரு தெரியாதா கலை?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீதான சொன்ன, அவர் பேரு பெருச்சாளின்னு."

அண்ணனின் குடியிருப்புக்குப் போய்ப் பார்க்கலாமா என்றார் சுரேஷ். போனால் கதவில் எண் இருக்கும், தபால்பெட்டியிலும் எண்தான் இருக்கும்.

தங்கவயல்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. உலகம் முழுவதும் சிதறிய ஆட்கள் அதில் காலை வணக்கம் அனுப்பிக்கொள்வோம். இந்தியாவில் அப்போதுதான் விடிந்திருந்தது. பெருச்சாளி அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவருடைய சொந்தப் பெயர் அவசரமாகத் தேவை என்று பேசி அனுப்பினேன். அடுத்த நிமிடமே குழு கொதித்தது. அவரைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. கால்பந்தில் அவர் போட்ட கோலைச் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜா வேஷம் போட்டு மீசை கழன்று விழுந்ததைச் சொன்னார்கள். அவருடைய அப்பாவின் பட்டப்பெயரையும், பெரியப்பாவின் பட்டப்பெயரையும் சொன்னார்கள். பெங்களூரில் இருக்கும் மோகன், "அவர் பேரே அதானே, வேற இன்னா பேரு?" என்று குழம்பிப்போய்க் கேட்டான். பெயரைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என்மேலும் சேர்த்துத்தான்.

அப்போது தங்கவயல் மாரிக்குப்பத்திலிருந்து ஜோஸ்பின் அக்கா ஃபோன் செய்தார். மாதா கோயில் பாட்டுக் குழுவில் இருந்தவர்.

"பெல்லு பொண்ணே, அழுவாத, கேளு. அவருக்குக் கண்ணாலம் நிச்சயமாயி சாமியாரு ஓலை வாசிச்சாரு இல்ல, அன்னிக்கு நான் கோயில்ல இருந்தேன்."

கத்தோலிக்கர்களின் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மணமக்கள் பெயரைப் படித்து, இதற்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பார்கள். அதற்குத்தான் ஓலை வாசிப்பது என்று பெயர்.

"சாமியாரு இன்னாரு மகன் இருதயராஜ்னு படிச்சாரு. யாரு இந்த இருதயராஜ், எந்த ஊர்க்காரன், நம்ம லைன் பொண்ண கட்டிகினு போறான்னு ஒரே பேச்சு. பெஞ்சுல ஒருத்தர் எழுந்து, சாமி, இந்த மாப்பிள்ளைய எங்களுக்குத் தெரியாது, விசாரிக்கணும்னே சொல்லிட்டாரு. சாமியாரு கண்ணாடிய கழட்டிட்டு, அட பெருச்சாளிதாம்பான்னாரு. கோயிலே சிரிச்சிச்சு. பொண்ணு மட்டும் முக்காட்ட இழுத்துவுட்டுகினு குனிஞ்சிகினா."

இருதயராஜ். நான் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அது எனக்குத் தெரியாத யாரோ ஒருவருடைய பெயர் மாதிரி இருந்தது.

6

நிலாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். ஆஸ்பத்திரி வரவேற்பில் இருதயராஜ் என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அந்தப் பையன் கணினியைப் பார்த்துவிட்டு, குடும்பப் பெயர் இருக்கிறது, முதல் பெயர் சொல்லுங்கள் என்றான். அவ்வளவுதான் பெயர் என்றேன். இல்லையே, முதல் பெயர் ஃப்நூ என்று இருக்கிறதே என்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு வருகிறவர்களுக்கு அமெரிக்கா செய்யும் உபகாரம் இது. இருக்கிற ஒரு பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் கட்டத்தில் எஃப், என், யூ என்று மூன்று எழுத்தை அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம். கிரீன் கார்டிலும் அதுவே தொடரும். மாற்ற வேண்டுமென்றால் வருடக்கணக்கில் அலைய வேண்டும். அண்ணன் அலையவில்லை போலிருக்கிறது. உறவு என்ன என்று கேட்டான். தங்கச்சி என்றேன். எழுதிக்கொண்டான்.

மாடியில் லிசா என்ற பிலிப்பைன்ஸ் நர்ஸ் எங்களைப் பார்த்ததும் நிம்மதியானார். உயிருக்கு ஆபத்தில்லை, தலையில் தையல் போட்டிருக்கிறது. ஆனால் மதியத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறோம், கண்ணைத் திறக்கவே இல்லை. பேச்சும் நினைவும் பாதித்திருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அவசரத்துக்கு என்று பழைய பதிவில் இருந்த எண்ணும் வேலை செய்யவில்லை என்றார். சொல்லிக்கொண்டே கட்டில் பக்கம் குனிந்து, சத்தமாக, அன்பாக, "மிஸ்டர் ஃப்நூ? ஃப்நூ?" என்று கூப்பிட்டுக் காட்டினார்.

அண்ணன் கண்ணை மூடியபடி கிடந்தார். தலையில் கட்டு. அவ்வளவு பெரிய ஆள் அந்தக் கட்டிலில் பாதிதான் இருந்தார். கிட்டே போய்க் கையைப் பிடித்தேன்.

"பெருச்சாளி அண்ணே."

கண்ணைத் திறந்தார்.

"வா பெல்லு பொண்ணே," என்றார். குரல் கம்மியிருந்தது. "கண்ண தொறந்தா கட்டில் சுத்துது, அதான் மூடிகினு கீறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கட்டிலை மறைத்திருந்த திரைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "யாரோ ஃப்நூவாம். மத்தியானத்திலேர்ந்து கூப்டுகினே கீறாங்க, அவன் பதிலே சொல்ல மாட்டேங்கறான். இன்னா ஆச்சோ பாவம், போய்ப் பாரு."

நான் சிரித்தேனா அழுதேனா என்று சுரேஷைத்தான் கேட்க வேண்டும். லிசாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் வாயில் கைவைத்து நின்றார். அண்ணனுக்கும் விளக்கினேன். அட்டையில் அந்த எழுத்துகளைப் பார்த்திருக்கிறார், வாயால் யாரும் சொல்லிக் கேட்டதில்லையாம்.

இந்த ஊர் ஆஸ்பத்திரி அறைகளில் கட்டிலுக்கு எதிரே ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். இன்றைய நர்ஸ் யார், டாக்டர் யார் என்றெல்லாம் எழுதுவார்கள். எப்படிக் கூப்பிட்டால் உங்களுக்குப் பிடிக்கும் என்றும் ஒரு வரி உண்டு. லிசா அதிலிருந்த ஃப்நூவை அழித்துவிட்டு, பேனாவோடு என்னைப் பார்த்தார். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். பெருச்சாளி என்று எழுதி முடித்து, இதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டார்.

நான் யோசிப்பதற்குள் நிலா முந்திக்கொண்டாள். "இட்ஸ் எ ஜயன்ட் ராட். பட் ரெஸ்பெக்ட்ஃபுல்லி."

லிசா தயங்கினார். நோயாளியை எலி என்று கூப்பிட முடியாது, மேலிடத்தில் கேட்பார்கள் என்றார். அண்ணன் கட்டிலிலிருந்து ஒரு விரலை ஆட்டினார். "எலி இல்லம்மா. எலி வேற," என்று தமிழிலேயே சொன்னார். லிசாவுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. அழிக்கவில்லை.

7

கழற்றி வைத்திருந்த அண்ணனின் சட்டைப்பையில் ஃபோன் இருந்தது. விரலை வைத்துத் திறந்து கொடுத்தார். அதில் 'பாப்பா' என்றிருந்த எண்ணைக் கூப்பிட்டேன். நான்சிக்கு என்னைச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. விஷயத்தைச் சொன்னதும் எந்த ஆஸ்பத்திரி, எந்த அறை என்று கேட்டு எழுதிக்கொண்டாள். அப்புறம், நாளைக்கு முதல் ஃபிளைட்டில் வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவள் வருகிறாள் என்றதும் அண்ணனுக்கு அவசரம் வந்துவிட்டது. பலகையைக் காட்டினார்.

"அத்த அழிக்கச் சொல்லும்மா. பாப்பாவுக்குத் தெரியாது."

"எது தெரியாது?"

"இந்தப் பேருதான். நான் சொன்னதே இல்ல. சின்ன புள்ளயில ஸ்கூல்ல சொல்லிட்டா சிரிப்பாங்கன்னு வுட்டுட்டேன். அப்பால அப்பால அப்படியே பூட்ச்சு. குழியில எறங்குனது, லைனு, ஒண்ணும் சொல்லல. அவளுக்கு நான் ராஜ்தான். டீசன்ட்டா இருக்கட்டும்னு நெனச்சேன்."

பாதி ஆளை நான் அறிந்திருக்கிறேன், மீதிப் பாதியை அந்தப் பெண் அறிந்திருக்கிறாள். முழு ஆளை அறிந்தவர் என்று இந்த நாட்டில் ஒருவர்கூட இல்லை. அழிக்கச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டு லிசாவைத் தேடிப் போனேன். அவர் ஷிஃப்ட் முடிந்து போயிருந்தார். அடுத்து வந்தவர் பலகையைப் படித்துவிட்டு, அந்தப் பெயரை மூன்று துண்டாக உடைத்து, முகமெல்லாம் சிரிப்போடு அண்ணனுக்கு வணக்கம் சொன்னார். அண்ணனும் சிரித்துவிட்டார். எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் ஒரு நாள் முழுக்க, வருகிறவர் போகிறவர் எல்லோரும் அவரை அந்தப் பெயரில் கூப்பிட்டார்கள். ரத்தம் எடுக்க வந்தவர், சாப்பாடு கொண்டுவந்தவர், தரை துடைக்க வந்தவர். அழிப்பதைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

மறுநாள் மதியம் நான் அவருக்கு ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு, சின்னப் பெட்டியை இழுத்தபடி ஒரு பெண் வந்தாள். நான்சிதான். விமானத்தில் அழுதுகொண்டே வந்திருக்கிறாள் என்பது தெரிந்தது. கட்டு போட்ட தலையைப் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை. எதிரே பலகையைப் பார்த்தாள். வேறு யாருடைய அறைக்கோ வந்துவிட்டோம் என்று நினைத்து, மெதுவான குரலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பெட்டியைத் திருப்பினாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் இந்தப் பக்கம் புரண்டார்.

"அது நான்தாம்மா," என்றார். "உள்ள வா."